பத்தொன்பது புள்ளியும் விட்டுப்போன ஒரு கோடும்

கெலெமென் திஹாமேர் பெயரில் எந்த ஊரிலும் தெரு கிடையாது. செத்த பிறகு ஒரு தபால்தலைகூட வரவில்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு படம் இருக்கிறது. பத்தொன்பது புள்ளி, முப்பத்தாறு கோடு. கோட்டுருவியல் என்கிற புள்ளி-கோட்டுக் கணிதம் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 'கெலெமென் படம்' என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டும். அந்தப் படத்தை முதலில் மையில் வரைந்தவள் நான். தப்பாக வரைந்தவளும் நான்தான்.

புத்தகத்தில் என் பெயர் இல்லையே என்று நான் ஒன்றும் மூக்கைச் சிந்தவில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசினார்களே, அதைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அமைதியே உருவானவர், அடக்கத்தின் இருப்பிடம்' என்று ஆளுக்கு ஆள் அளந்துவிட்டார்கள். அமைதியாம்! பக்கத்து அறையில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்த என்னை ஒருத்தராவது கேட்டார்களா? அந்த மனுஷன் யோசிக்கும்போது மேஜைக் காலை உதைத்துக்கொண்டே இருப்பார். என் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி வாரத்துக்கு இரண்டு தடவை கீழே விழும்.

நான் எடெல்கா. புதாபெஸ்ட்டில், பெஸ்ட் கரைப் பக்கம், கணித ஆராய்ச்சிக் கழகத்தின் இரண்டாம் மாடியில் தட்டச்சும் படம் வரைவதும் என் வேலை. அந்தக் காலத்துத் தட்டச்சு இயந்திரத்தில் கணிதக் குறிகள் எதுவும் கிடையாது. நான் எழுத்தை மட்டும் அடித்து, குறி வரவேண்டிய இடத்தில் இடம் விட்டுவிடுவேன். அவரவர் வந்து பேனாவால் நிரப்பிக்கொள்வார்கள். படம் மட்டும் முழுக்க என் கையில். ஊடு தெரியும் காகிதத்தை அசலின் மேல் விரித்து, கறுப்பு மையில் ஒற்றி எடுக்க வேண்டும். கழகத்தில் என் கோட்டைக் குறை சொன்னவன் யாரும் இல்லை. சொன்னவன் அடுத்த கட்டுரைக்கு வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

திஹாமேரின் அசல் படங்கள் இருக்கின்றனவே, அது ஒரு கொடுமை. காலை ஏழு மணிக்கு வெந்நீர்க் குளத்தில் இறங்குவார், பத்து மணிக்கு ஏறுவார். கழுத்தளவு தண்ணீரில், சதுரங்கம் ஆடுகிற கிழவர்களுக்கு நடுவில், ஈரக் கல்லில் விரலால் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதுதான் ஆராய்ச்சி. கல் காய்வதற்குள் விஷயம் பிடிபட்டால் உண்டு, இல்லாவிட்டால் போச்சு. பிறகு மூலைப் பேக்கரியில் பிளம் ஜாம் வைத்த பன் இரண்டு தின்பார். கல்லில் கண்டதை அங்கேதான் கைதுடைக்கும் காகிதத்திலோ குளத்து டிக்கெட்டின் பின்னாலோ வரைவார். பதினோரு மணிக்குக் கந்தக வாசனையோடு வந்து அதை என் மேஜையில் வைத்து, "கைக்கு முத்தம் எடெல்கா, அவசரமில்ல, மத்தியானத்துக்குள்ள போதும்" என்பார். கைக்கு முத்தம் என்பது எங்கள் ஊர் வணக்கம்தான்.

ஐம்பத்தேழில்தான் அவருடைய அனுமானம் பிறந்தது, அதாவது மெய் என்று நம்பியும் இன்னும் நிரூபிக்காத ஒன்று. எனக்கும் விளக்கினார். தட்டச்சு செய்கிறவளுக்குப் புரியாவிட்டால் கணக்கு தப்பு என்பது அவருடைய கட்சி.

"ஒரு ஊருன்னு வெச்சுக்கோங்க. சந்தியெல்லாம் புள்ளி, தெருவெல்லாம் கோடு. எந்த ரெண்டு சந்தியை அடைச்சாலும் ஊரு ரெண்டு துண்டாப் போயிடக் கூடாது. அவ்வளவு கெட்டியான ஊரு. அதுல ஒரு தபால்காரன் கெளம்பி, ஒரே சந்தியில ரெண்டு தடவை கால் வெக்காம ஒரு வட்டம் அடிச்சிட்டுத் திரும்பறான். எல்லாச் சந்திக்கும் போக வேணாம். போகாத சந்தி ஒவ்வொண்ணும் அவன் போன ஏதோ ஒரு சந்திக்குப் பக்கத்துச் சந்தியா இருந்தாப் போதும். நின்ன எடத்துலேருந்து குரல் குடுத்தாக் கேக்கணும், அவ்வளவுதான். கெட்டியான ஊரு எதுவா இருந்தாலும் அப்படி ஒரு வட்டம் கட்டாயம் இருக்கும்ங்கறேன்."

"இருக்குமா?"

"இருக்கும்."

"எப்படித் தெரியும் சார்?"

"தெரியாது. அதத்தான் நிரூபிக்கணும்."

"எங்க தெருத் தபால்காரன் ரெண்டு பிராந்தி உள்ள போனா நேரா நடக்கவே மாட்டான். அவன் எங்க வட்டம் அடிக்கறது?"

"அவன விடுங்க. இவன் குடிக்காதவன்."

அந்தக் குடிக்காத தபால்காரன் பதினோரு வருஷம் எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கினான். பதினெட்டுப் புள்ளி உள்ள ஊர்கள் வரைக்கும் வட்டம் உண்டு என்று திஹாமேர் கையாலேயே நிரூபித்தார். முந்நூறு பக்கம். அடித்தது நான். பிராகாவிலிருந்து ஒருவர் வட்டமான ஊர்களுக்கு நிரூபித்தார், வார்சாவிலிருந்து இன்னொருவர் வேறு ஏதோ வகைக்கு. எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். முழுசாக ஒருத்தராலும் முடியவில்லை. பொய் என்று சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் திஹாமேருக்குப் பெரிய டாக்டர் பட்டம் வாங்கியாக வேண்டிய நிலைமை. எங்கள் நாட்டில் சின்ன டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு வாசல் கதவில் பெயர்ப் பலகை மாட்டலாம், வேறு ஒன்றும் ஆகாது. கழகத்தில் கோட்டுருவியலுக்கென்று தனித் துறை தொடங்கப் போகிறார்கள். பெரிய பட்டம் வாங்கினால் அவர்தான் தலைவர் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். வாங்காவிட்டால் ஹொல்லோஷி. திஹாமேருக்கு வயது நாற்பத்தொன்பது. முன்பே ஒரு தடவை ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது இரண்டாவது தடவை, மூன்றாவது கிடையாது.

ஹொல்லோஷி பெனெடெக் யார் என்று சொல்லிவிடுகிறேன். திஹாமேரின் பள்ளிக்கூடத் தோழர், அறுபத்தெட்டு டிசம்பர் பொது விசாரணையில் அவரை எதிர்த்துப் பேச நியமிக்கப்பட்டவரும் அவரே. எங்கள் முறை அது. சபையில் எல்லோர் முன்னாலும் ஆய்வேட்டைக் கிழிக்க மூன்று பேரை அரசாங்கமே சம்பளம் கொடுத்து நிறுத்தும். ஹொல்லோஷி சம்பளம் இல்லாமலே செய்யக்கூடியவர்.

"ஒன்பது அத்தியாயம், அதுல எட்டு 'அனுமானம் மெய்யெனில்'னு ஆரம்பிக்குது. மாடி மாடியா அழகா கட்டியிருக்கடா திஹாமேர். அஸ்திவாரம் எப்ப வருது, லாரி கெளம்பிடுச்சா?" என்று நடைபாதையில் வைத்துக் கேட்டார்.

"உன் தலை மேல வந்து எறங்கும், நில்லு" என்றார் திஹாமேர். ஆனால் அன்று மேஜைக் கால் வழக்கத்தைவிட அதிகம் உதை வாங்கியது.

இனி என் யோக்கியதைக்கு வருகிறேன்.

செப்டம்பரில் ஆறாம் அத்தியாயத்தை மூன்றாவது தடவையாக அடித்து முடித்து மேஜையில் வைத்திருந்தேன். திஹாமேர் வந்தார், காப்பிக் கோப்பையை அதன் மேல் வைத்தார், மேஜைக் காலை உதைத்தார். நாற்பது பக்கம் நாசம். துடைத்துக்கொண்டே அந்த மனுஷன் சொன்னது இது: "பரவால்ல, எப்படியும் ரெண்டு எடம் மாத்தணும்னு இருந்தேன்."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கீழ்மாடி நூலகர் மேலே ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. வேலையை மேஜையில் வைத்துவிட்டுப் போவார், முடித்ததை அவர் மேஜையில் வைப்பேன். முகம் பார்க்க மாட்டோம். ஐம்பதை நெருங்குகிற இரண்டு பேர்!

அந்த வாரத்தில்தான் அந்தக் காகிதம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கணித மாத இதழ் ஒன்று உண்டு. அதில் வருகிற கணக்குகளைப் போட்டு அனுப்பும் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களின் போட்டோவை வருஷக் கடைசியில் வரிசையாக அச்சிடுவார்கள். எங்கள் கழகத்தில் பாதிப் பேர் அந்தப் போட்டோ வழியாக வந்தவர்கள்தான். தாடி நரைத்த பிறகும் அந்தப் பக்கத்தை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருப்பார்கள். திஹாமேரும் ஹொல்லோஷியும் ஒரே வருஷம், ஒரே வரிசை. காது இரண்டும் பறந்துபோகிற மாதிரி நிற்பவர் திஹாமேர். பெரியவர்களான பின் அந்த இதழுக்கு வருஷத்துக்கு ஒரு கணக்கு கொடுப்பது கடமை. யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

திஹாமேர் கொடுத்தது ஒரு ஊர். நடுவில் மூன்று சதுக்கம். சுற்றி நான்கு பேட்டை. ஒவ்வொரு பேட்டையிலும் நாலு சந்தி, நாலும் ஒன்றோடொன்று தெருவால் பின்னியவை. அதில் மூன்று சந்திகளிலிருந்து ஆளுக்கொரு சதுக்கத்துக்குத் தெரு போகும். நாலாவது, நடுச் சந்தி, பேட்டைக்குள்ளேயே கிடக்கும். 'தபால்காரரின் வட்டத்தைக் கண்டுபிடிக்கவும்' என்று விதிகளையும் சேர்த்துக் கீழே எழுதியிருந்தார். எல்லாம் பேக்கரிக் காகிதத்தில். அதன் மேல் பாதியில் உள்ளங்கை அகலத்துக்கு பிளம் ஜாம்.

ஜாம் இருந்த இடத்தில் ஏதோ ஒன்று கறுப்பாகத் தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பேச்சு இருந்திருந்தால் சுவரைத் தட்டி, "ஐயா, இந்த ஜாமுக்கு அடியில ஏதாவது தெரு ஓடுதா, இல்ல ஜாம் மட்டுந்தானா?" என்று கேட்டிருப்பேன். கேட்டால் குறைந்தா போய்விடுவேன்? கேட்கவில்லை. முப்பத்தாறு கோடு போட்டேன், அனுப்பினேன்.

அச்சுப் பிழை பார்க்கும் தாள் வந்ததும் அவர் மேஜையில் வைத்தேன். அதன் பிறகு மூன்று நாள் ஆளையே காணோம். குளத்தில் டிக்கெட் கிழிக்கிற அம்மாவைக் கேட்டால், "காலைல எறங்குனா சாத்துற வரைக்கும் ஏறவே மாட்டேங்கறாரும்மா. வெரலெல்லாம் சுருங்கிப் போயிருக்கு. சதுரங்கத்துக்குக் கூப்புட்டாக்கூட வாயத் தொறக்கல" என்றாள். நாலாம் நாள் வந்தார். கண் இரண்டும் சிவந்து, பேயறைந்தவர் மாதிரி இருந்தார். அச்சுத் தாளைத் தானே உறையில் போட்டு, தானே எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனார். என்றுமே அது என் வேலை. எனக்கே மனசு கேட்காமல், "ஜலதோஷமா?" என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"ஆமா, ஜலதோஷம்" என்றார்.

சாயங்காலம் எனக்கு அரைத்த கஷ்கொட்டையும் கிரீமும் சேர்த்த இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எனக்கு எதையும் வாங்கிக் கொடுத்ததில்லை. சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதழ் அக்டோபரில் வந்தது. விடைக் கடிதங்கள் குவிய ஆரம்பித்தன. சாதாரணமாக அவற்றை இதழ்க்காரர்கள்தான் திருத்துவார்கள். இந்தத் தடவை திஹாமேர் எல்லாவற்றையும் கழகத்துக்கே வரவழைத்தார். தினமும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"கடுதாசி வந்துச்சா? யாருக்காவது வட்டம் கெடச்சுதா?"

"நாப்பது வந்துருக்கு. நீங்களே பாத்துக்கோங்க. விசாரணைக்கு அஞ்சு வாரந்தான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு இருக்கு. கண்ணாடி எங்க?"

நானூற்றுப் பன்னிரண்டு கடிதம். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக, கோடு கோடாகத் தொட்டுப் பார்த்தார். முக்கால்வாசிப் பிள்ளைகள் ஒரே சதுக்கத்தை இரண்டு தடவை மிதித்திருந்தார்கள். தெப்ரெட்சென் பையன் ஒருவன் மிதித்ததை மறைக்க அதன் மேல் ஒரு மரம் வரைந்திருந்தான். இன்னொருவன் 'இது மிகவும் எளிது' என்று எழுதிவிட்டு வெறும் தாளை அனுப்பியிருந்தான். ஒவ்வொரு கடிதத்தையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திறப்பார். மூடும்போது பெருமூச்சு. பட்டம் தலைக்கு மேல் தொங்குகிறது, இந்த மனுஷன் பிள்ளைகளின் கிறுக்கலில் முகம் புதைத்துக்கொண்டிருக்கிறார். மரை கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

நவம்பர் நடுவில், வெங்காயத்துக்குப் பேர்போன மக்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்தான் பிரித்தேன். கெரா ரொஸாலியா, வயது பதினைந்து. காகிதமே வெங்காய வாடை.

'மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் கேட்ட வட்டம் இந்த ஊரில் இல்லை. ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்குப் போகச் சதுக்கத்தை மிதித்தே ஆக வேண்டும். சதுக்கம் மூன்றுதான், ஒன்றை ஒரு தடவைக்கு மேல் மிதிக்கக் கூடாது. ஆகவே தபால்காரர் அதிகபட்சம் மூன்று பேட்டைக்குள் நுழைவார். நான்காவது பேட்டையின் நடுச் சந்திக்கு அவர் குரல் கேட்காது. தவறு படத்திலா கேள்வியிலா என்று தெரிவிக்கவும். எங்கள் வீட்டில் வெங்காய வேலை, அதனால் தாமதம். மன்னிக்கவும்.'

நான் கணக்குப் படித்தவள் அல்ல. ஆனால் பதினோரு வருஷமாக அந்தத் தபால்காரனைத் தட்டச்சு செய்தவள். அலமாரியைத் திறந்து பேக்கரிக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். சவர பிளேடால் காய்ந்த ஜாமைச் சுரண்டினேன். அடியில் ஒரு கோடு இருந்தது. ஒரு பேட்டையின் நடுச் சந்தியிலிருந்து அடுத்த பேட்டையின் நடுச் சந்திக்கு, ஒரே ஒரு சந்து.

அந்தச் சந்து இருந்தால் தபால்காரன் சதுக்கத்தை மிதிக்காமலே இரண்டு பேட்டையை ஒரே மூச்சில் முடித்துவிடுவான், நாலு பேட்டைக்கும் போய்விடலாம். சந்து இல்லாவிட்டால் தொலைந்தான். சந்து இல்லாமலும் ஊர் என்னவோ கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆக, எந்தக் கெட்டியான ஊரிலும் வட்டம் உண்டு என்று அவர் பதினோரு வருஷமாகச் சொல்லிவந்ததைப் பொய்யாக்குகிற ஊர் ஒன்றை நான், எடெல்கா, கோபத்தில் வரைந்து, நாடு முழுக்க அச்சடித்து அனுப்பிவிட்டேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு குளத்துக்கு ஓடினேன். நவம்பர்க் குளிரில் திறந்தவெளிக் குளத்தின் மேல் ஆவி புகைந்தது. சதுரங்கக் கிழவர்களுக்கு நடுவில் அவர் தலை மட்டும் மிதந்தது.

"சார், வெளிய வாங்க!"

"எடெல்கா, நான் ஜட்டியோட இருக்கேன்."

"அப்ப அங்கயே கெடந்து கேளுங்க!"

கரையில் நின்று கடிதத்தை உரக்கப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிழவர்களும் காயை நகர்த்தாமல் கேட்டார்கள்.

"அஞ்சே வரி. எனக்கு மூணு..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"மூணு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா எழுதியிருக்கு பொண்ணு."

"சார், கோடு ஒண்ணு விட்டுப்போச்சு. ஜாமுக்கு அடியில. நான்தான் விட்டேன். கோவத்துல கேக்காம விட்டுட்டேன்."

"படம் சரியாத்தான் இருக்கு."

"சரியில்ல! சொரண்டிப் பாத்துட்டேன், காகிதத்துல கோடு இருக்கு!"

"அப்ப காகிதந்தான் தப்பு."

"வெளையாடாதீங்க சார். அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடலாம். 'ஒரு கோடு விடுபட்டது, வருந்துகிறோம்'. ஒரே வரி. அந்தப் பொண்ணுக்கு ஒரு சாக்லேட் டப்பா அனுப்பிடலாம். டிசம்பர் தாண்டட்டும், பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் கையை வெளியே எடுத்துக் கரைக் கல்லில் மூன்று புள்ளி வைத்தார். "அந்த ஊரு இப்ப இருக்கு எடெல்கா. திருத்தம் போட்டா காணாமப் போயிடுமா?"

ஒரு கிழவர், "யாராச்சும் அந்தம்மாவுக்கு ஒரு துண்டு குடுங்கப்பா, அழுவுது" என்றார். ஆவிதான் அது, அழுகை இல்லை என்று அவரிடம் கத்தினேன். அழுகைதான்.

விசாரணை நாளில் அகாடமி மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். திஹாமேர் அரை மணி நேரம் பேச வேண்டும். நான் பெரிதாக வரைந்து கொடுத்த படத்தைப் பலகையில் மாட்டினார். முப்பத்தாறு கோடு, எண்ணிப் பார்த்துத்தான் வரையச் சொல்லியிருந்தார். பிறகு பையிலிருந்து ரொஸாலியாவின் கடிதத்தை எடுத்து, வெங்காய வேலை வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"ஆகவே என் அனுமானம் பொய். முதல் அத்தியாயமும், மூன்று முதல் ஒன்பது வரையும் இல்லாத ஊருக்கு வழி சொல்கின்றன. இரண்டாம் அத்தியாயம் மட்டும் நிற்கும். அது முந்தைய ஆய்வுகளின் பட்டியல், மற்றவர்கள் எழுதியது. ஆய்வேட்டைத் திரும்பப் பெறுகிறேன்."

ஹொல்லோஷி எழுந்தார். கிழிப்பதற்காகப் பதினாலு பக்கம் தயார் செய்து வந்திருந்தார். அதுவும் நான் அடித்ததுதான். அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கிழிக்க ஒரு முழம்கூட மிச்சம் வெக்கலியேடா பாவி" என்றார். மேடைப் பேச்சு அதோடு போயிற்று. பலகைப் பக்கம் போய்ப் படத்தின் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாங்கல்லாம் பதினோரு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தோம்? அந்தப் பொண்ணுக்கு எத்தனை மார்க் போட்ட?"

"முழுசா. தாமதத்துக்குக் கழிக்கல."

முன்வரிசையில் யாரோ, "படத்தில் பிழை என்று கேள்விப்பட்டோம், யார் செய்த பிழை?" என்று கேட்டார்கள்.

"பிழை இல்லை. நான் கொடுத்த படம்" என்றார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து, 'இல்லை, நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. ஊரையே வாயால் வளைக்கிற எடெல்கா, பேசவேண்டிய ஒரே நாளில் ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துவிட்டாள். அது இருபத்திரண்டு வருஷம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

துறை ஹொல்லோஷிக்குப் போயிற்று. பெரிய பட்டம் திஹாமேருக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. ஹொல்லோஷிக்குக் கீழேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார், அதற்குப் பிறகும் அறையை மட்டும் அவருக்கே விட்டுவைத்தார்கள். சம்பளம் கம்மி, அறை அதே அறை, நாள்காட்டி விழுவதும் அதே.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. எல்லா ஊரிலும் வட்டம் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் எல்லோரும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று ஆனதும், எந்த ஊரில் உண்டு, எதில் இல்லை, ஏன் இல்லை, பார்த்துச் சொல்ல எத்தனை நேரம் ஆகும் என்று கேள்விகள் கிளம்பின. கனடாவிலிருந்து எழுதினார்கள், ஜப்பானிலிருந்து எழுதினார்கள். ஹாலந்துக்காரன் ஒருவன் பத்தொன்பது புள்ளியை வைத்துப் பத்தொன்பதாயிரம் புள்ளிக்கு ஒரு அரக்கனைக் கட்டினான். எல்லாக் கட்டுரையும் 'கெலெமென் தவறாக அனுமானித்தபடி' என்றே தொடங்கும். திஹாமேர் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

"இருநூத்திப் பதினாலு பேரு என்னைத் தப்புன்னு சொல்லியிருக்காங்க எடெல்கா. ஹொல்லோஷி சொன்னது சரின்னு இதுவரைக்கும் ஏழே பேருதான் எழுதியிருக்காங்க" என்று ஹொல்லோஷி காதில் விழும்படி சொல்வார்.

ரொஸாலியா கணிதம் படிக்கவில்லை. பல் டாக்டர் ஆனாள். "வாய்க்குள்ள என்ன தப்புன்னு ஒடனே தெரிஞ்சிடும், பதினோரு வருஷம் ஆகாது" என்றாள் துடுக்குக்காரி. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு சரம் வெங்காயம் அனுப்புவாள். அவர் அதைக் கரும்பலகை ஆணியில் மாட்டி வைப்பார்.

நான் எத்தனையோ தடவை அந்தக் கோட்டுப் பேச்சை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், "படம் சரிதான்" என்பதே பதில். என்மேல் பழி விழக்கூடாது என்று பெருந்தன்மையாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெருந்தன்மை என் கழுத்தை அறுத்தது. ஒரு தடவை கோபமாக, "ஆமா, நீங்கதான் என் பொழப்பைக் கெடுத்தீங்கன்னு ஒரு தடவை திட்டித் தொலைங்களேன்!" என்றுகூடக் கத்தியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே மேஜைக் காலை உதைத்தார்.

தொண்ணூறில், மார்ச் மாதம், குளத்திலிருந்து வீட்டுக்குப் போகிற டிராமில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அடக்கத்துக்கு ரொஸாலியா மக்கோவிலிருந்து வந்திருந்தாள். ஹொல்லோஷி மண்ணைப் போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். மறுவாரம் கழகத்தில் அவர் அறையைக் காலி செய்து கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது, இருந்தாலும் அந்தக் குப்பையில் எது எங்கே என்று வேறு யாருக்குத் தெரியும்?

மேஜை இழுப்பறையில் அந்தப் போட்டோப் பக்கம் இருந்தது. பறக்கிற காதோடு பையன் நின்றான். அதன் கீழே இன்னொரு தாள். பள்ளி இதழின் அச்சுப் பிழை பார்க்கும் தாள். இதழ்க்காரர்களுக்கு அனுப்பியது இன்னொரு பிரதி போலிருக்கிறது. இதில் என் படம், முப்பத்தாறு கோடு. அதன் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு சந்து. ஒரு பேட்டையின் நடுவிலிருந்து அடுத்த பேட்டையின் நடுவுக்கு, சரியான இடத்தில். பிறகு அதே சிவப்பால் அந்தச் சந்தின் மேல் குறுக்கே கோடிழுத்து அடித்திருந்தார். ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரியான அவருடைய எழுத்து. இருபத்தேழு வருஷம் அதை வாசித்தவள் நான், எனக்கா படிக்கத் தெரியாது?

'கோடு விட்டுப்போயிருக்கிறது. கோடு இல்லாமல் மூன்று நாள் தேடினேன். வட்டம் கிடைக்கவில்லை. இல்லை என்றுதான் தோன்றுகிறது. எனக்குக் கண் மங்கிவிட்டது, பிள்ளைகள் தேடட்டும். ஒருத்தராவது கண்டுபிடித்தால் நான் பிழைத்தேன். படம் அப்படியே போகட்டும்.'

அதற்குக் கீழே, இன்னும் பொடியாக:

'எடெல்காவிடம் சொல்ல வேண்டாம். கத்துவாள்.'

காலி அறையில், வெங்காயச் சரத்துக்குக் கீழே, அவர் நாற்காலியில் உட்கார்ந்து கத்தினேன். கீழ்மாடியிலிருந்து புது நூலகர் மேலே ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.